நடக்க இயலாத வணிகருக்கு மின்சார ஸ்கூட்டர்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

சில்லறை வணிகத்தில் கால்தான் முதல் மூலதனம். விடியற்காலையில் ஷட்டரைத் தூக்குவது முதல் இரவு கல்லாவைப் பூட்டுவது வரை பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் நின்றே பிழைக்கும் தொழில் நம்முடையது. இப்படி முப்பது, நாற்பது ஆண்டுகள் நின்றவர்களுக்கு வயதான காலத்தில் மூட்டுத் தேய்மானம் வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாத உணர்வு குறைகிறது. சிலருக்குப் பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்து விடுகிறது. வேறு சிலர் இளமையிலேயே போலியோவாலோ விபத்தாலோ பாதிக்கப்பட்டு, அப்படியே கடை நடத்தி வருபவர்கள்.

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் இப்படிப்பட்ட வணிகர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். வாய்க்கணக்கு தவறவில்லை, எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு பற்று என்பதும் மறக்கவில்லை. ஆனால் வீட்டிலிருந்து கடைக்கு உள்ள அரை கிலோமீட்டரை நடக்க முடியவில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தினமும் இரண்டு வேளை ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் கடையை மூடிவிடலாம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். அந்த அரை கிலோமீட்டருக்கு வழி கிடைத்தால் பல கடைகள் இன்னும் பத்து ஆண்டுகள் ஓடும்.

அதற்கான வழிகளுள் ஒன்று மொபிலிட்டி ஸ்கூட்டர் எனப்படும் பேட்டரி வண்டி. விலை சில பத்தாயிரங்களில் தொடங்கி இலட்சத்துக்கு மேலும் போகிறது. தவறான வண்டியை வாங்கினால் பணமும் போய், அது பழைய அட்டைப்பெட்டிகளோடு மூலையில் கிடக்கும். எனவே சரக்கைப் பார்த்து வாங்கும் அதே கவனத்தோடு இதையும் பார்த்து வாங்க வேண்டும்.

இந்த வண்டி எப்படி வந்தது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குழாய் பொருத்தும் ஒப்பந்தத் தொழில் செய்து வந்தவர் ஆலன் தீம். அவருடைய மனைவிக்கு நரம்பு மண்டல நோயால் நடை தளர்ந்தது. அவருக்காக 1968-ஆம் ஆண்டு தீம் செய்த மூன்று சக்கர மின்சார வண்டிக்கு 'அமிகோ' என்று பெயர். மொபிலிட்டி ஸ்கூட்டர் என்ற வகையே அதிலிருந்துதான் தொடங்கியது. பின்னர் அந்நாட்டுப் பெரிய மளிகை அங்காடிகள், நடக்க இயலாத வாடிக்கையாளர்களுக்காகக் கூடை பொருத்திய இத்தகைய வண்டிகளை வாசலிலேயே நிறுத்தி வைத்தன. ஆக, இந்த வண்டிக்கும் மளிகைக் கடைக்கும் உள்ள உறவு பழையதுதான்.

நான்கு வகைகளைப் பிரித்தறிய வேண்டும்

'மாற்றுத்திறனாளி ஸ்கூட்டர்' என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் கடைகளில் அந்தப் பெயரில் நான்கு வெவ்வேறு வண்டிகள் கிடைக்கின்றன.

முதலாவது, பக்கச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர். தமிழக அரசு தகுதியுள்ளோருக்கு இலவசமாக வழங்குவது இதைத்தான். இது முழுமையான மோட்டார் வாகனம். பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு அனைத்தும் வேண்டும். தூரம் போகவும் கொள்முதலுக்குச் செல்லவும் ஏற்றது. ஆனால் கடைக்குள் கொண்டு போக முடியாது.

இரண்டாவது, பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர சைக்கிள். கான்பூரில் 1972-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ இதைத் தயாரித்து வழங்குகிறது. வலுவானது, ஆனால் அகலமானது. தெருவுக்கு ஏற்றது, சந்துக்கு ஏற்றதல்ல.

மூன்றாவது, பேட்டரி சக்கர நாற்காலி. கைப்பிடியில் உள்ள சிறிய குச்சியை ஒரு கையால் தள்ளி ஓட்டலாம். நின்ற இடத்திலேயே திரும்பும்.

நான்காவது, மொபிலிட்டி ஸ்கூட்டர். முன்னால் ஹேண்டில், கீழே கால் வைக்கும் தட்டு, நடுவில் சுழலும் இருக்கை, இருக்கைக்குக் கீழே பேட்டரி. கட்டைவிரலால் லீவரை அழுத்தினால் ஓடும். விட்டுவிட்டால் தானே பிரேக் பிடித்து நின்றுவிடும்.

இவற்றோடு நம் சென்னையிலேயே உருவான இன்னொரு வகையும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவிகள் ஆய்வு மையத்தோடு தொடர்புடைய நியோமோஷன் நிறுவனம் 2021 ஆகஸ்டில் 'நியோஃபிளை' என்ற சக்கர நாற்காலியையும், அதன் முன்னால் கோத்துக்கொள்ளும் 'நியோபோல்ட்' என்ற மோட்டார் இணைப்பையும் வெளியிட்டது. இணைப்பைக் கோத்தால் தெருவில் ஓடும் மூன்று சக்கர வண்டி, கழற்றினால் வீட்டுக்குள் புழங்கும் நாற்காலி. அப்போது அறிவிக்கப்பட்ட வேகம் மணிக்கு 25 கி.மீ., ஒரு சார்ஜுக்கு 25 கி.மீ. தூரம். அன்றைய விலை நாற்காலிக்கு ரூ.39,900, இணைப்புக்கு ரூ.55,000. இன்றைய விலையை நேரில் கேட்டறிந்து கொள்ளவும். இவ்வண்டியில் உணவு விநியோகம் செய்து சம்பாதிக்கும் மாற்றுத்திறனாளி இளைஞர்களும் இருக்கிறார்கள்.

யாருக்கு எது?

மொபிலிட்டி ஸ்கூட்டர் எல்லோருக்கும் ஏற்றதல்ல. நாலைந்து அடியாவது எழுந்து நடந்து, தானே ஏறி இறங்கக் கூடியவருக்கு உரியது அது. முதுகு நிமிர்ந்து உட்கார முடிய வேண்டும். இரண்டு கைகளும் ஓரளவு வேலை செய்ய வேண்டும். மூட்டுத் தேய்மானம், இடுப்பு வலி, மூச்சு வாங்குதல் போன்ற காரணங்களால் தூரம் நடக்க இயலாதவர்களுக்கு இது பொருத்தமானது.

முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்குப் படுக்கைப் புண் வராமல் காக்கும் மெத்தையுடன் கூடிய சக்கர நாற்காலிதான் தேவை. பக்கவாதத்தால் ஒரு கை இயங்காதவர்கள் லீவர் எந்தப் பக்கம் இருக்கிறது, அதை மாற்றிப் பொருத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். பாத உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் தட்டிலிருந்து நழுவி வெளியே தொங்கினாலும் தெரியாது. தட்டின் விளிம்பு உயர்ந்திருப்பது நல்லது. கண்புரை உள்ளவர்கள் முதலில் அதைச் சரி செய்துகொண்டு பிறகு வண்டியைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்கும் முன் ஒரு பிசியோதெரபிஸ்டின் யோசனையைக் கேட்பது அவசியம். நம் பகுதிக்கு அருகிலேயே அரசு ஸ்டான்லி மருத்துவமனை உள்ளது. கலைஞர் கருணாநிதி நகரில் இதற்கென்றே அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது.

கல்லாவில் உட்காரத்தான் வண்டி தேவை என்றால் ஸ்கூட்டர் உதவாது. அதன் ஹேண்டில் முன்னால் நிற்பதால் மேசையை ஒட்டி உட்கார முடியாது. கடைக்குள் பயன்படுத்தப் பேட்டரி நாற்காலி, வீட்டிலிருந்து கடைக்கு வரவும் வசூலுக்குப் போகவும் ஸ்கூட்டர் என்று பிரித்துக்கொண்டு, எது முக்கியத் தேவையோ அதை வாங்க வேண்டும்.

மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா?

மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் திரும்பும்; கால் நீட்டி உட்காரவும் இடம் இருக்கும். ஆனால் வேகமாக வளைத்தாலோ, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ சாய்ந்துவிடக் கூடும். நான்கு சக்கர வண்டி நிலையாக நிற்கும், திரும்ப இடம் அதிகம் தேவை. சாலை மேடு பள்ளமாக இருப்பின் நான்கு சக்கரமே நல்லது.

திறக்கும் அளவும் திரும்பும் அளவும் விற்பவர் சொல்வதை நம்பி முடிவு செய்ய வேண்டாம். வண்டியின் நீள அகலத்தைக் கேட்டு, கடைத் தரையில் சாக்பீஸால் அதே அளவுக்குக் கட்டம் போட்டுப் பாருங்கள். பல வண்டிகள் நாலடி நீளம், இரண்டடி அகலத்துக்குக் குறையாது. இரவில் நிறுத்த இடம் இருக்கிறதா, வீட்டு நிலைப்படியைத் தாண்டுமா, சந்தில் எதிரே சைக்கிள் வந்தால் ஒதுங்க முடியுமா என்பதெல்லாம் அந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.

வண்டிக்கு அடியில் தரையிலிருந்து உள்ள இடைவெளியையும் பாருங்கள். வழவழப்பான தரைகளுக்காகச் செய்யப்பட்ட மடக்கு வண்டிகள் நம் தெருவின் வேகத்தடையிலும் கழிவுநீர் மூடியிலும் அடி தட்டி நிற்கும். நம் சாலைகளுக்குச் சற்றுப் பெரிய சக்கரமும் காற்றடைத்த டயரும் அதிர்வைக் குறைக்கும். கெட்டி டயர் பஞ்சர் ஆகாது, ஆனால் இடுப்பு வலி உள்ளவரைக் குலுக்கி எடுக்கும்.

சுமை வரம்பு

ஒவ்வொரு வண்டிக்கும் சுமை வரம்பு எழுதப்பட்டிருக்கும். அது ஆளின் எடையும் சரக்கின் எடையும் சேர்த்த கணக்கு. 80 கிலோ எடையுள்ளவர், 100 கிலோ வரம்புள்ள வண்டியின் கால் தட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வைத்தால் வரம்பு தாண்டிவிட்டது. மோட்டார் சூடேறும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். பின்னால் தொங்கும் சுமை மேட்டில் ஏறும்போது வண்டியை மல்லாத்தும். வணிகர் கையில் எந்த வண்டி கிடைத்தாலும் அதில் மூட்டை ஏற்றத் தோன்றுவது இயல்பு. இந்த வண்டியில் அந்த எண்ணம் கூடாது. பணப்பை, கணக்கு நோட்டு, நாலு கிலோ காய்கறி, அதோடு சரி.

பேட்டரிக் கணக்கு

வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கினால் பேட்டரியின் கொள்ளளவு தெரியும். 24 வோல்ட், 20 ஆம்பியர் அவர் என்றால் 480 வாட் அவர். அதாவது அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தாலும் ஒரு முழு சார்ஜுக்கு ஒரு யூனிட்டுக்குள்தான் ஆகும். எனவே மின்சாரச் செலவு பெரிதல்ல. பேட்டரியை மாற்றும் செலவுதான் பெரிது.

எடுத்துக்காட்டாக, ஒரு ஜோடி பேட்டரி ரூ.12,000 என்றும், இரண்டு ஆண்டு உழைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் ரூ.500 தேய்மானம். இதைத் தினசரி ஆட்டோ செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வண்டி இலாபமா நட்டமா என்பது விளங்கும். வாங்கும்போதே, 'மாற்று பேட்டரி என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும்?' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஈய பேட்டரி விலை குறைவு, கனம் அதிகம். அதைச் சார்ஜ் இல்லாமல் போட்டு வைத்தால் கெட்டுவிடும். நம் இன்வெர்ட்டர் பேட்டரியின் குணம் அதுவே. ஓடினாலும் ஓடாவிட்டாலும் முறையாகச் சார்ஜ் செய்ய வேண்டும். லித்தியம் பேட்டரி இலேசானது, நீண்ட நாள் உழைப்பது, விலை கூடியது. அதை வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதிலும் போடக் கூடாது.

கம்பெனி 25 கி.மீ. ஓடும் என்று சொன்னால், அது புதிய பேட்டரியில் சமதளத்தில் கிடைக்கும் தூரம். பேட்டரி பழசாகும்போதும், வண்டி நின்று நின்று போகும்போதும் குறையும். சொன்ன தூரத்தில் பாதிதான் உறுதி என்று வைத்து உங்கள் போக்குவரத்தைத் திட்டமிடுங்கள்.

சார்ஜ் செய்யும் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். எண்ணெய் டின், கற்பூரம், தீப்பெட்டிப் பண்டல், சாக்கு ஆகியவற்றின் அருகில் சார்ஜ் போடக் கூடாது. வீட்டின் ஒரே வாசலை அடைத்துக்கொண்டும் போடக் கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும். வேகமாக நடக்க முடியாதவருக்கு அது உயிராபத்து.

நம் பகுதிக்குரிய எச்சரிக்கைகள்

முதலில் கன்டெய்னர் லாரி. துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் இடையே ஓடும் இந்த லாரிகளின் ஓட்டுநர் உயரத்தில் அமர்ந்திருப்பதால், முன்பக்கத்தில் ஒட்டி நிற்கும் தாழ்ந்த வண்டி அவர் கண்ணில் படாது. எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் இவ்வண்டியைச் செலுத்துவதைத் தவிர்த்து, உள்தெருக்களைப் பயன்படுத்துங்கள். கடந்தே ஆக வேண்டுமெனில் சிக்னல் உள்ள இடத்தில், நின்றிருக்கும் லாரிக்கு நேர் முன்னால் போகாமல் கடக்கவும். பின்னால் ஐந்தடிக் கம்பியில் சிவப்புக் கொடியும், நாற்புறமும் ஒளிரும் ஸ்டிக்கரும் பொருத்துங்கள். செலவு மிகச் சிறிது, பயன் பெரிது.

இரண்டாவது உப்புக் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். பேட்டரி முனைகளிலும் சார்ஜர் சாக்கெட்டிலும் மாதம் ஒருமுறை துடைத்து, முனைகளில் வாசலின் தடவ வேண்டும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

மூன்றாவது வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் கழிமுகப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பரவியதை நாம் மறக்கவில்லை. இவ்வண்டிகளில் மோட்டாரும் பேட்டரியும் தாழ்வாகவே உள்ளன. கணுக்கால் அளவுத் தண்ணீரில்கூட ஓட்டக் கூடாது. பேட்டரியைக் கழற்றிப் பரணில் வைக்கக்கூடிய வண்டியாக இருந்தால் புயல் எச்சரிக்கையின்போது உதவும்.

சாதகமான ஒன்றும் உண்டு. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் நீட்டிக்கப்பட்டது. நிலையங்களில் லிஃப்ட் வசதி உள்ளது. நிலையம் வரை போகும் வழி ஒழுங்காக இருந்தால், டவுன் கொள்முதலுக்குப் பாதி வழி சுலபமாகிறது.

சட்டமும் வரியும்

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்து, எடை, பிரேக், முன்னும் பின்னும் ரிஃப்ளெக்டர் முதலிய நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் பேட்டரி வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அதைவிடத் திறன் கூடிய வண்டி என்றால் நிலைமை வேறு. விற்பவர், 'லைசென்ஸ் வேண்டாம்' என்று வாயால் சொன்னால் போதாது. சோதனை நிலையச் சான்றின் நகலைக் கேளுங்கள்.

வேகத்துக்காக ஆசைப்படவும் வேண்டாம். இங்கிலாந்தில் இவ்வண்டிகளுக்கு நடைபாதையில் மணிக்கு 4 மைல், சாலையில் 8 மைல் என்றே வரம்பு. அதாவது சுமார் 6 கி.மீ., 13 கி.மீ. தெருவுக்கு அதுவே தாராளம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிகள் 8713 என்ற தலைப்பில் வரும், ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பேட்டரியைப் பிற்பாடு தனியாக வாங்கினால் 18 சதவீதம். ஆகவே பில்லில் எண்ணைச் சரிபாருங்கள். இந்த எண் சிறிய விஷயமல்ல. ஐரோப்பாவில் மொபிலிட்டி ஸ்கூட்டர் 8713-இல் வருமா, கார்களுக்குரிய 8703-இல் வருமா என்று பெரிய வழக்கே நடந்தது. மற்றவர்களும் ஓட்ட முடியும் என்பதாலேயே அது மாற்றுத்திறனாளி வண்டி இல்லையென்று ஆகிவிடாது என்று 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் வண்டியின் வரியைக் கடைக் கணக்கில் உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அரசு உதவி

அரசு உதவிகளுக்கு அடிப்படை, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனச் சான்றும் அடையாள அட்டையும். சாதாரண மூட்டு வலிக்கு இது கிடைக்காது. அத்தகையவர்கள் சொந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். சான்று உள்ளவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பெட்ரோல் ஸ்கூட்டர், பேட்டரி சக்கர நாற்காலி ஆகியவை மாநில அரசுத் திட்டங்களில் வழங்கப்படுகின்றன. மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில் மோட்டார் பொருத்திய மூன்று சக்கர வண்டிக்கு மானியம் உண்டு. வருமான வரம்பை முதலில் விசாரித்துக்கொள்ளவும்.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018-இல்தான் நம் பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. பழைய அட்டையில் திருவள்ளூர் என்றிருந்தால், மனு போடும் முன் அதைத் திருத்திக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

வாங்கும் நாளன்று

1. ஓட்டப் போகிறவர் நேரில் சென்று, அரை மணி நேரமாவது உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். மகன் ஓட்டிப் பார்த்தால் போதாது.

2. சரிவில் ஏறி நடுவில் லீவரை விடுங்கள். வண்டி பின்னால் உருளாமல் நிற்க வேண்டும்.

3. மோட்டாரைக் கழற்றிவிட்டுத் தள்ளும் ஃப்ரீவீல் லீவர் எங்கே என்று கேளுங்கள். அதைப் போட்ட நிலையில் பல வண்டிகளில் பிரேக் இருக்காது. சரிவில் ஒருபோதும் போடக் கூடாது.

4. உத்தரவாதம் மோட்டாருக்கு எவ்வளவு, கன்ட்ரோலருக்கு எவ்வளவு, பேட்டரிக்கு எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

5. மெக்கானிக் வீட்டுக்கு வருவாரா, வண்டியை நாம் கொண்டு போக வேண்டுமா? நடக்க முடியாதவரின் வண்டி பழுதானால் அவர் வீட்டிலேயே முடங்கிவிடுவார்.

6. ஐ.எஸ்.ஓ. 7176 தரத்தின்படி சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். சாய்மானம், பிரேக், தூரம் ஆகியவற்றுக்கான சர்வதேசச் சோதனை முறை அதுவே.

நம் கடை வாசல்

வண்டி வாங்கியவர் நம் கடைக்கு வாடிக்கையாளராகவும் வருவார். வாசலில் மூன்று படி இருந்தால் அவர் தெருவில் நின்றபடி கூவ வேண்டும். இல்லையேல் படியில்லாத வேறு கடைக்குப் போய்விடுவார். நம் பகுதி ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். மாதாமாதம் ஓய்வூதியம் வாங்கிக் கடன் பாக்கி வைக்காமல் சரக்கெடுக்கும் நல்ல வாடிக்கையாளர்கள் அவர்கள்.

சரிவுப் பாதைக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளச் சரிவு வேண்டும். அதற்கு நடைபாதையையோ மழைநீர்க் கால்வாயையோ ஆக்கிரமிக்கக் கூடாது. உள்பக்கமாக இடம் ஒதுக்கலாம். முடியாத இடத்தில், தேவையானபோது போட்டு எடுக்கும் இரும்புத் தட்டு வைத்துக்கொள்ளலாம். அதுவும் இயலாவிடில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு அழைப்பு மணி வைத்து, ஆள் வெளியே போய்ச் சரக்குக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியாரிடமும் இதை எதிர்பார்க்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் வியாபாரத்துக்காக இதைச் செய்வது நல்லது.

நம் கிளைச் சங்கங்களும் இதில் பங்கு பெறலாம். ஒரே பகுதியில் நாலைந்து பேர் வாங்குவதாயிருந்தால் சேர்ந்து பேசினால் விலையும் குறையும், மெக்கானிக்கும் வந்து பார்ப்பார். கடையை மூடலாம் என்று யோசிக்கும் மூத்த வணிகர் உங்கள் தெருவில் இருந்தால், அவர் முடிவெடுக்கும் முன் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.